ஐந்தாவது வால்வு

பத்து மணிக்கு வருவதாகச் சொன்ன ரேடியோ மெக்கானிக் பத்து மணிக்கே வந்தார். சொன்ன நேரத்தைக் காப்பாற்றுபவர்களை நான் மதிப்பவள். ஆயினும், அன்று அவர் வராமலே இருந்திருக்கலாம் என்று தோன்றியது. அவரை என் தம்பி வாசலிலிருந்து நேராக அப்பாவின் அறைக்கு அழைத்துச் சென்றான். சாவியை நான் கொடுக்க வேண்டியிருந்தது.

அப்பா இறந்து பதினொரு மாதங்கள் ஆகியிருந்தன. இறந்த மறுநாள் பூட்டிய அறையை இடையில் ஒரு முறையும் நான் திறக்கவில்லை. கட்டில், கட்டிலை ஒட்டி ஒரு மேசை, மேசைமேல் அந்தப் பழைய வால்வு ரேடியோ. தைலத்தின் வாடை சுவர்களைவிட்டு இன்னும் போகவில்லை.

"புது வீட்டு ஹால்ல வைக்கப் போறேன். அப்பா ஞாபகமா இருக்கட்டும்," என்றான் தம்பி. "ஆனா பாடணும். பொம்மை மாதிரி உக்காந்திருக்கக் கூடாது."

"எனக்கும் இதுக்கும் ஏறக்குறைய ஒரே வயசு சார்," என்று சிரித்தார் மெக்கானிக். "எனக்குப் பல்லு போச்சு. இதுக்கு என்ன போச்சுன்னு பார்ப்போம்."

பெட்டியைத் தன் பக்கம் திருப்பியவர் சிரிப்பை நிறுத்தினார். வலப்பக்கத்துக் குமிழை விரலால் தடவிப் பார்த்துவிட்டு என்னை நிமிர்ந்து பார்த்தார்.

"ரூமைப் பூட்டியே வெச்சிருந்தீங்களாம்மா?"

"ஆமாம்."

"பெட்டி முழுக்க அப்படித் தூசு. ஸ்டேஷன் மாத்துற இந்தக் குமிழ்ல மட்டும் ஒரு பொட்டுக்கூட இல்ல."

காரணம் எனக்குத் தெரியும்.

நாள்தோறும் பிற்பகல் மூன்று மணிக்கு, பூட்டிய அந்த அறைக்குள்ளிருந்து குமிழ் திரும்பும் ஓசை வரும். உலர்ந்த கயிறு சக்கரத்தில் உரசுகின்ற, மெல்லிய, பொறுமையான ஓசை. ஒரு கோடியிலிருந்து மறுகோடிவரை செல்லும், சற்றே நிற்கும், திரும்பி வரும். பதினொரு மாதங்களாக நான் அதைக் கேட்டுக்கொண்டிருந்தேன். பழுதுபார்க்க ஒப்புக்கொண்டதற்கு அதைத் தவிர வேறு காரணமில்லை. ரேடியோ பேசிவிட்டால் அந்தத் தேடல் நின்றுவிடும் என்று நம்பினேன்.

மெக்கானிக் பின்பலகையைக் கழற்றி டார்ச் அடித்தார். சிலந்தி வலைக்கும் உருகி வழிந்த மெழுகுக்கும் நடுவே நான்கு கண்ணாடிக் குழல்கள் நின்றன. ஐந்தாவது இருக்க வேண்டிய இடத்தில் வெறும் துளைகள்.

"ஒரு வால்வைக் காணோம்."

"அந்த நர்ஸம்மா வேலைதான்," என்றான் தம்பி உடனே. "அப்பவே அவங்க முழியே சரியில்ல. நீ என்னக்கா சொல்ற?"

முகம் சுளிக்காமல் ஆறு மாதங்கள் அப்பாவைக் குளிப்பாட்டிய பெண் அவள். நான் ஒன்றும் சொல்லவில்லை.

"திருடுறவங்க அஞ்சையும் பிடுங்கிட்டுப் போவாங்க சார். இத யாரோ ஆட்டி ஆட்டி, பதமாக் கழட்டியிருக்காங்க. அதுவும் ஸ்பீக்கருக்குச் சத்தம் குடுக்கற வால்வ மட்டும். இது இல்லன்னா லைட் எரியும், சூடு ஏறும், சத்தம் மட்டும் வராது."

"இருக்காதே. நான் வந்தப்பல்லாம் அப்பா குமிழ் மேல கை வெச்சுக் கேட்டுட்டுத்தானே இருந்தாரு?"

மெக்கானிக் முள்ளை நகர்த்துகிற கயிற்றை உள்ளிருந்து உருவி எடுத்தார். நடுவில் அது ஒற்றை இழையாகத் தேய்ந்து, அறுந்துவிடும் நிலையில் இருந்தது.

"திருப்பியிருக்காரு சார். கேட்டாரான்னு எனக்குத் தெரியாது."

அவர்கள் தேடிய வால்வு அடுத்த அறையில், என் ஊசி டப்பாவில், பஞ்சில் பொதிந்து கிடந்தது.

அதைக் கழற்றும் வித்தையை நான் அப்பாவிடமிருந்தே அறிந்தேன். நான் பள்ளியில் படித்த காலத்தில், பரீட்சை நெருங்கினால் அந்த ஒரு வால்வைக் கழற்றித் தம் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு அவர் வேலைக்குப் போய்விடுவார். தம்பி அப்போது பிறக்கவில்லை. மாலையில் அவர் உள்ளே நுழைந்ததும் என் கண் முதலில் அந்தச் சட்டைப்பைக்கே போகும். கடைசிப் பரீட்சை முடிந்த அன்று, ஒரு சொல்லும் சொல்லாமல், அதைத் திரும்பப் பொருத்துவார்.

பக்கவாதம் அவருடைய பேச்சையும் ஒரு பக்கத்தையும் பறித்துக்கொண்டது. மிஞ்சியது வலக்கை ஒன்றே. அந்தக் கையால் விடியற்காலை முதல் ரேடியோவை முழுச் சத்தத்தில் அலறவிடுவார். இரவெல்லாம் என்னைத் தூங்கவிடமாட்டார். ஒரு நாள் பிற்பகல், அவர் கண்ணயர்ந்த வேளையில், வால்வைக் கழற்றினேன். ஒரு மணி நேரம் தூங்க வேண்டும், அவ்வளவே. மூன்று மணிக்கு விழித்தவர் குமிழைத் திருப்பினார். விளக்கு எரிந்தது. ஓசை இல்லை.

"ஸ்டேஷன மூடிட்டாங்கப்பா," என்றேன்.

அவருடைய பார்வை என் முகத்தில் நிற்கவில்லை. முன்பு நான் அவருடைய சட்டைப்பையைப் பார்த்ததைப் போல, என் முந்தானை முடிச்சைப் பார்த்தது.

மறுநாள் பொருத்திவிடலாம் என்றிருந்தேன். ஆனால் அந்த அமைதி எனக்குப் பிடித்துப்போயிற்று. அதன் பின் அவர் ஐந்து மாதங்கள் உயிரோடு இருந்தார். ஐந்து மாதங்களும் திருப்பிக்கொண்டே இருந்தார். பரீட்சை முடிந்ததும் அவர் திருப்பி வைத்தார். நான் வைக்கவில்லை.

நான்காம் நாள் மெக்கானிக் உதிரிகளோடு வந்தார். வறண்டு வெடித்த கண்டன்சர்களை மாற்றினார். ஸ்பீக்கரின் கிழிசலை மெல்லிய தாளால் ஒட்டினார். புதுக் கயிறு கட்டினார். தம் பெட்டியிலிருந்த வேறொரு வால்வைப் பொருத்தினார். இரண்டரை மணிக்கு ரேடியோ இருமியது, கரகரத்தது, பின்பு தெளிவாகப் பாடிற்று. தம்பி கண்ணைத் துடைத்துக்கொண்டான்.

நான் சுவர்க்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

மணி மூன்று.

மெக்கானிக் தம் இரு கைகளையும் துணியில் துடைத்துக்கொண்டிருந்தார். தம்பி ஜன்னலோரம் நின்றான்.

குமிழ் திரும்பியது.

முள் நகர்ந்தது. பாட்டு நழுவிற்று, செய்தி வந்தது, அதுவும் நழுவிற்று. ஒவ்வொரு நிலையத்தின்மீதும் கணநேரம் நின்று, ஒன்றும் கிடைக்காததைப் போல, அப்பால் சென்றது.

"என்னங்க இது?" என்று தம்பி முணுமுணுத்தான்.

மெக்கானிக் பாய்ந்து பிளக்கைப் பிடுங்கினார். ஓசை மெல்ல மெல்லத் தேய்ந்து அடங்கியது. டயல் விளக்கு அணைந்தது.

முள் நிற்கவில்லை.

நான் எழுந்து போய் ஊசி டப்பாவைக் கொண்டுவந்தேன். பஞ்சைப் பிரித்து, வால்வை மெக்கானிக்கின் உள்ளங்கையில் வைத்தேன்.

"இதைப் போட்டுப் பாருங்க."

தம்பியின் முகம் வெளுத்தது. "உங்கிட்ட எப்படிக்கா?"

"நான்தான் கழட்டினேன்."

"எதுக்கு?"

"தூங்க."

"போன்ல கேப்பேனே, அப்பா என்ன பண்றாருன்னு. ரேடியோ கேக்குறாருன்னு சொல்லுவியே!" அவன் குரல் உடைந்தது. "அன்னிக்கு நர்ஸம்மாவ நான் திட்டுறப்பகூட வாயைத் திறக்கலயே நீ?"

"நீ போன்ல கேட்ட. நான் பக்கத்துல இருந்தேன்."

மெக்கானிக் பழைய வால்வைப் பொருத்தி, பிளக்கைச் செருகினார். அது சூடேறிப் பாடிற்று, பதினாறு மாதங்களுக்குப் பிறகு, எந்தக் குறையுமில்லாமல்.

முள் அந்தப் பாட்டையும் கடந்து சென்றது.

மெக்கானிக் மறுபடியும் பிளக்கை உருவி, ஒயரைச் சுற்றி, ரேடியோவின்மேல் வைத்தார். "என் வேலை முடிஞ்சுதும்மா. மிச்சம் எனக்குத் தெரிஞ்ச வேலை இல்ல," என்று கருவிப்பையை மூடினார். தம்பி அவர் பின்னாலேயே வெளியேறினான். ரேடியோவை எடுத்துக்கொள்ளவில்லை, வருகிறேன் என்றும் சொல்லவில்லை.

மறுநாள், மூன்றுக்குக் கால்மணி முன்னதாக, அந்த அறையில் நாற்காலி போட்டு அமர்ந்தேன். சுற்றிய ஒயர் சுற்றியபடியே இருந்தது. மூன்று மணிக்குக் குமிழ் திரும்பத் தொடங்கியது.

"அப்பா," என்றேன். "ஸ்டேஷன மூடல. நான்தான் கழட்டினேன்."

குமிழ் நின்றது.

பதினொரு மாதங்களில் முதல் முறையாக அது பாதி வழியில் நின்றது. நான் மூச்சைப் பிடித்துக்கொண்டேன். முடிந்துவிட்டது என்றே நினைத்தேன்.

அப்போது இடப்பக்கத்தில் 'டிக்'கென்று ஓர் ஒலி.

அது சத்தத்தைக் கூட்டும் குமிழ். அவர் போன பிறகு ஒரு நாளும் அசையாதது. அது மெதுவாகத் திரும்பி, கடைசிவரை சென்று, அதற்குமேல் இடமில்லாமல், அங்கேயே அழுந்தி நடுங்கிற்று.

நான் சொன்னது அவருக்குக் கேட்கவில்லை.

இன்னும் உரக்கச் சொன்னேன். அதற்கு மறுநாள் அதைவிட உரக்க. நேற்று எதிர்வீட்டுப் பெண் கேட்டின் அருகே என்னை நிறுத்தினாள். "மூணு மணியானா யாரைங்க அப்படித் திட்டுறீங்க? தெருவுக்கே கேக்குதே," என்றாள்.

தெருவுக்குக் கேட்கிறது.

இன்று காலை ரேடியோவைத் துடைக்கலாமென்று துணியை எடுத்தேன். ஜன்னல் திறந்திருந்த இந்தச் சில நாட்களில் பெட்டிமேல் மறுபடியும் தூசு படிந்திருக்கிறது. இப்போது இரண்டு குமிழ்களிலும் இல்லை.