பின்சக்கரத்துக் கல்

மனித குலம் சக்கரத்தைக் கண்டுபிடித்த நாளிலிருந்து இன்றுவரை, ஓடும் சக்கரத்தை நிறுத்தும் கலையை முழுமையாக அறிந்தவர் ஒரே ஒருவர்தான் பிறந்திருக்கிறார். சரிவான தெருவின் மேல்முனை வீட்டில் குடியிருந்துகொண்டு அவர் டிரைவிங் ஸ்கூல் நடத்தி வந்தார். ஊரே அவரை மாஸ்டர் என்று கூப்பிட்டது. மேற்படித் தகவலை அவரே தினமும் காலை டீயோடு வீட்டாருக்குத் தெரிவித்துவிடுவதால், அதில் சந்தேகத்துக்கே இடமில்லை.

வீட்டார் என்றால் இரண்டே பேர். ஒருத்தி மாஸ்டரின் மனைவி. இன்னொருத்தி மாஸ்டரின் தங்கை. முழங்கால் ஆபரேஷனுக்குப் பிறகு கவனித்துக்கொள்ள ஆளில்லாமல் அண்ணன் வீட்டுக்கு வந்தவள். வாரத்தில் பாதி நாள் அவளை முழங்கால் பயிற்சிக்காக ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போய், காத்திருந்து, கூட்டி வருவது அண்ணியின் வேலை. அதற்கு வீட்டுக் கார் இருந்தது. ஓட்டக் கற்றுக்கொடுத்தவர் மாஸ்டர். கற்றுக்கொடுத்ததைவிடத் திட்டியதுதான் அதிகம் என்பாள் மனைவி, அவர் வீட்டில் இல்லாத நேரமாகப் பார்த்து.

மனைவிக்கு ஒரு வழக்கம் உண்டு. சரிவில் வண்டியை நிறுத்தி, ஹேண்ட்பிரேக்கை இழுத்துவிட்டு இறங்கியதும், கேட்டோரம் கிடக்கும் கருங்கல்லை இரண்டு கையாலும் தூக்கி வந்து பின்சக்கரத்துக்கு அடியில் அணைத்து வைப்பாள். கார் புதிதாக வந்த நாளிலிருந்தே அப்படித்தான். பிரேக்கில் எந்தக் குறையும் இல்லை. தெரு சரிவு, கீழே குழந்தைகள் விளையாடுகிறார்கள். அவ்வளவுதான் அவள் கணக்கு.

மாஸ்டருக்கு அந்தக் கல்லைக் கண்டாலே ஆகாது. கார் என்ன, கட்டிப்போடாவிட்டால் ஓடிப்போகிற கன்றுக்குட்டியா என்று கேட்பார். மாணவர்களை வாசலில் நிறுத்தி, உலகத்தில் டிரைவர்கள் இரண்டு வகை, பிரேக்கை நம்புகிறவன் ஒருத்தன், கல்லை நம்புகிறவன் இன்னொருத்தன், இரண்டாம் வகைக்கு மாதிரி எங்கள் வீட்டிலேயே இருக்கிறது, இலவசமாகப் பார்த்துக்கொள்ளுங்கள் என்பார். மாணவர்கள் சிரிப்பார்கள். சமையலறை ஜன்னலுக்கு அந்தச் சிரிப்பு தெளிவாகக் கேட்கும்.

அன்று காலை டீ ஆறிப்போனதற்குக் காரணம் இன்சூரன்ஸ் கம்பெனியின் கடிதம். மாஸ்டர் அதைச் சத்தமாகப் படித்தார். தங்கள் வாகனத்தின் கைத்தடை (ஹேண்ட்பிரேக்) பழுதானது என்பதைத் தாங்கள் முன்பே அறிந்திருந்தீர்கள். வாகனம் நிறுத்துமிடத்தில் காணப்பட்ட கல்லே அதற்குச் சாட்சி. ஆகவே இழப்பீடு வழங்க இயலாமைக்கு வருந்துகிறோம். கடைசி வார்த்தையில் உண்மையான வருத்தம் எதுவும் தென்படவில்லை.

“கேட்டியா?” என்றார் மாஸ்டர், கடிதத்தை மனைவி பக்கம் தள்ளி. “கல்லு வைக்காத, கல்லு வைக்காதன்னு தலைபாடா அடிச்சுக்கிட்டேன். இப்போ அந்தக் கல்லுதான் நம்ம தலையில விழுந்திருக்கு.”

நாத்தனார் நாற்காலியில் நீட்டி வைத்திருந்த காலைத் தடவிக்கொண்டாள். கார் ஒர்க்‌ஷாப்பில் நசுங்கிக் கிடக்க, அவள் பஸ்ஸில்தான் போய் வந்துகொண்டிருந்தாள். படியில் கால் தூக்க முடியாமல் நிற்கும்போது பின்னால் இருப்பவர்கள் பேசுகிற பேச்சு வேறு.

“ஏன் அண்ணி... வண்டியைக் கொண்டுபோய் மோத விட்டதும் நீ. வர்ற பணத்தைக் கெடுத்ததும் நீ. என் காலு இப்படியே முடங்கட்டும்னு நெனச்சியா?”

அண்ணி கணவரைப் பார்த்தாள். கணவர் ஆறிய டீயை மிகுந்த ஈடுபாட்டுடன் குடித்துக்கொண்டிருந்தார்.

அவள் பார்த்ததற்குக் காரணம் இருந்தது. கார் உருண்ட நாளில் அவள் அதன் சாவியைக்கூடத் தொடவில்லை.

போன மாதம் ஒரு பெரிய கம்பெனி மேனேஜர் வீட்டுக்கு வந்திருந்தார். தன் டிரைவர்கள் அத்தனை பேருக்கும் மாஸ்டரிடம் பயிற்சி கொடுக்கலாமா என்று பார்க்க. மாஸ்டர் காலையிலேயே காரைக் கழுவி, ஒரு சுற்று ஓட்டி வந்து, எடுப்பாகத் தெரியும்படி வாசலில் நிறுத்தினார். மேனேஜர் டீயை உறிஞ்ச, மாஸ்டர் பிரேக்கின் மகத்துவத்தை விளக்கிக்கொண்டிருந்தார். அந்த விளக்கத்தின் நடுவில், ஜன்னலுக்கு வெளியே, கார் எந்த அவசரமும் இல்லாமல் பின்பக்கமாக நகர்ந்து போனது. ஆளில்லாத காரை மேனேஜர், மாஸ்டர், பிஸ்கட் கொண்டுவந்த மனைவி மூன்று பேரும் மரியாதையாக வேடிக்கை பார்த்தார்கள். பிறகு தெருக்கோடிச் சுவரிலிருந்து சத்தம் வந்தது. நல்லவேளை, பள்ளிக்கூட நேரம். தெருவில் ஒரு குழந்தையும் இல்லை.

“என் வீட்டுக்காரி நிறுத்தினது சார்” என்றார் மாஸ்டர், யோசிக்காமல்.

பிஸ்கட் தட்டோடு நின்றவள் தட்டை மேஜையில் வைத்தாள். மேனேஜர் போன பிறகு மாஸ்டர் பாத்திரம் கழுவும் இடத்துக்கு வந்து மெதுவாகச் சொன்னார். டிரைவிங் ஸ்கூல் மாஸ்டரே பிரேக் போட மறந்துட்டான்னு வெளிய தெரிஞ்சா, நாளைக்கு எவன் வருவான்? உன்னைய யாரும் ஒண்ணும் சொல்ல மாட்டாங்க. அந்த ‘யாரும்’ என்பதில் அவரும் அடக்கம் என்று அவள் நம்பினாள்.

பிறகு இன்சூரன்ஸ் கம்பெனியிலிருந்து சேதத்தைப் பார்க்க ஒருவர் வந்தார். பிரேக் போட்டிருந்தீர்களா என்று அவளைக் கேட்டார். அவள் வாயெடுப்பதற்குள் மாஸ்டர் முந்திக்கொண்டார். நான் சொல்லிக்கொடுத்த ஆள் சார், போடாம இருப்பாளா? முதல் பொய் அவரைக் காப்பாற்ற. இரண்டாவது, அவர் கற்றுக்கொடுத்த பாடத்தைக் காப்பாற்ற. வந்தவர் நசுங்கிய காரை ஒரு படம் எடுத்தார். கேட்டோரம் கிடந்த கல்லை, அது எதற்கு என்று கேட்டுத் தெரிந்துகொண்டு, நாலா பக்கமிருந்தும் எடுத்தார்.

ஆறிய டீ தீர்ந்ததும் அவள் கடிதத்தை எடுத்து இரண்டு முறை படித்தாள். தன்மேல் விழுந்த பழிகூடப் பெரிதாகத் தெரியவில்லை. ஒழுங்காக இருந்ததற்கு ஒருவன் தண்டனை எழுதி, முத்திரையும் குத்தி அனுப்பியிருக்கிறானே என்பதுதான் பொறுக்கவில்லை. கம்பெனிக்குப் போன் செய்தாள். அவள் அழைப்பு தங்களுக்கு மிகவும் முக்கியம் என்று ஒரு பெண் குரல் சொன்னது. பிறகு புல்லாங்குழல். மறுபடியும் முக்கியம். மறுபடியும் புல்லாங்குழல். போனை வைத்துவிட்டுப் புடவை மாற்றப் போனாள்.

“எங்க கிளம்பிட்ட?” என்றார் மாஸ்டர்.

“எனக்கு முக்கியத்துவம் குடுக்கற எடத்துக்கு” என்றாள்.

ஆஸ்பத்திரியும் அதே பஸ் தடம் என்பதால் நாத்தனாரும் கூட வந்தாள். இவர்கள் அங்கே போய் என்ன பேசுவார்கள் என்ற கவலையில் மாஸ்டரும் பின்னாலேயே ஏறிவிட்டார்.

கம்பெனியின் கிளெய்ம் அதிகாரி இளைஞன். மாஸ்டரைப் பார்த்ததும் எழுந்து நின்றான். அவரிடம்தான் கார் ஓட்டக் கற்றானாம். மாஸ்டருக்கு முகம் மலர்ந்தது. காரியம் முடிந்தது என்று சட்டைக் காலரைச் சரிசெய்துகொண்டார். ஆனால் அதிகாரி ஃபைலைத் திறந்ததும் பழைய மாணவனைக் காணோம். ரிப்போர்ட்டில் இருப்பதை மீறித் தன்னால் ஒன்றும் செய்ய முடியாது, கல் தெளிவாகப் பதிவாகியிருக்கிறது என்றான்.

“தம்பி, அந்த மூலையில செவப்பா தொங்குதே, அது என்ன?” என்றாள் மாஸ்டரின் மனைவி.

“தீ அணைக்கிற சிலிண்டர்மா.”

“அப்போ இந்த ஆபீஸ் தீப்பிடிக்கும்னு உங்களுக்கு முன்னாடியே தெரியும்.”

“அது ஒரு பாதுகாப்புக்கும்மா...”

“நாளைக்கே தீப்பிடிச்சா, சிலிண்டர் மாட்டுனீங்க, அதனால தெரிஞ்சேதான் எரிய விட்டீங்கன்னு யாராவது எழுதினா ஒத்துக்குவீங்களா? உங்க சிலிண்டர்னா பாதுகாப்பு. என் கல்லுன்னா குத்தமா? தெருவுல புள்ளைங்க வெளயாடுதேன்னு தெனமும் குனிஞ்சு கல்லு வச்சேன். வைக்காம அலட்சியமா விட்டிருந்தா பணம் குடுத்திருப்பீங்க, இல்ல?”

பக்கத்து மேஜைகளில் டைப் அடிக்கும் சத்தம் நின்றது. அதிகாரி சிலிண்டரையே பார்த்துக்கொண்டிருந்தான். இத்தனை நாள் அதன் கீழேதான் உட்கார்ந்திருக்கிறான்.

“நியாயம்தாம்மா. கல்லை விட்டுடறேன்” என்றான் கடைசியில். “ஆனா பிரேக் போட்டிருந்தும் வண்டி உருண்டுச்சுன்னு நீங்களே சொல்லியிருக்கீங்க. அப்போ பிரேக் ரிப்பேர்னுதானே ஆகுது? அதுக்குப் பணம் வராது. போட மறந்திருந்தா வேற விஷயம். மறதி யாருக்கும் வரும், அதுக்குத்தான் இன்சூரன்ஸே. ஒர்க்‌ஷாப்ல பிரேக்கைச் சோதிச்சு நல்லா இருந்தா, நானே பாஸ் பண்ணிடுவேன்.”

அவள் கணவரைப் பார்த்தாள். சொல்ல வேண்டியது ஒரே ஒரு வாக்கியம். மாஸ்டர் சுவரிலிருந்த காலண்டரை ஆராய்ந்துகொண்டிருந்தார். அது போன வருடத்துக் காலண்டர்.

அவள் பெருமூச்சு விட்டாள். “மறந்துட்டேன் தம்பி. நான்தான் பிரேக் போடல. எழுதிக்கோங்க.”

நாத்தனார் அதற்காகவே காத்திருந்தவள் போலப் பொங்கினாள். “அன்னைக்கே சொல்லித் தொலைச்சிருக்கலாமில்ல? இந்த ஒரு வார்த்தைய மறைக்கத்தான் என்னைய பஸ்ஸு பஸ்ஸா ஏத்தி எறக்குனியா? நெஞ்சுல ஈரம் இருக்கா அண்ணி உனக்கு... எங்கண்ணன் பேரையும் சேத்துக் கெடுத்துட்டியே...”

“அவளைத் திட்டாத” என்றார் மாஸ்டர்.

காலண்டரைப் பார்த்தபடியேதான் சொன்னார். பிறகு திரும்பினார்.

“அவ வண்டியத் தொடவே இல்ல. நிறுத்துனது நான். கல்லையும் நான்தான் காலால ஓரமா தள்ளி விட்டேன். மேனேஜர் பாத்தா கேவலமா இருக்கும்னு.”

“பிரேக் போட்டீங்களா மாஸ்டர்?” என்றான் அதிகாரி, ஒரு காலத்தில் அவரிடம் அதே கேள்விக்குத் திட்டு வாங்கியவன்.

“போடல.”

“மறந்துட்டீங்களா?”

மாஸ்டர் சட்டைக் காலரைத் தளர்த்திக்கொண்டார். “மறதின்னு இல்ல. வீட்டு வாசல்ல நான் போடறதே இல்ல, கியர்ல விட்டுட்டு இறங்கிடுவேன்... கல்லுதான் இருக்கேன்னு பழகிப்போச்சு. அன்னைக்கு அதை நானே எடுத்ததைத்தான் மறந்துட்டேன்.”

இது மனைவிக்கே புதுச் செய்தி. அன்று ஒரு நாள் மறதி என்றுதான் அவளும் நினைத்திருந்தாள். வருடக்கணக்காகக் கேட்ட அத்தனை சிரிப்பும் ஒரே சமயத்தில் காதில் விழுந்தது.

“என் கல்லை நம்பிக்கிட்டேதான் இத்தனை வருஷமா என்னைக் கிண்டல் பண்ணீங்களா?”

மாஸ்டர் மறுபடியும் போன வருடத்துக் காலண்டருக்குள் புகுந்துகொண்டார்.

நாத்தனார் நாற்காலிக் கையைப் பிடித்து எழுந்து, அண்ணியின் தோளில் விழுந்தாள். “என்னென்னமோ பேசிட்டேனே அண்ணி... நீ என்னைய ரெண்டு அறை விட்டிருக்கலாமே...”

“விட்டிருப்பேன். நீ விழுந்தா தூக்கி ஆட்டோல ஏத்தணுமே, அதான் விட்டுட்டேன்” என்றாள் அண்ணி. சொல்லி முடிப்பதற்குள் அவளுக்கும் அழுகை வந்துவிட்டது. இருவரும் கட்டிக்கொண்டு அழ, அந்த அலுவலகத்தில் முதல்முறையாக ஒரு வாடிக்கையாளருக்கு உண்மையாகவே முக்கியத்துவம் கிடைத்தது. யாரோ தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார்கள்.

மாஸ்டர் நடந்ததைத் தன் கைப்பட எழுதிக் கொடுத்தார். ஒர்க்‌ஷாப்பில் சோதித்தபோது பிரேக் கச்சிதமாக வேலை செய்தது. கம்பெனி இழப்பீடு தர ஒப்புக்கொண்டு இன்னொரு கடிதம் அனுப்பியது. அதில் வருத்தம் எதுவும் தெரிவிக்கப்படவில்லை.

சரியாகி வந்த காரில் முதல் நாள் நாத்தனாரை ஆஸ்பத்திரிக்கு அழைத்துப்போய் வந்து, சரிவில் நிறுத்தி, பிரேக்கை இழுத்துவிட்டு இறங்கினாள் அவள். கல் கேட்டோரம் கிடந்தது.

“கல்லு வைக்கல அண்ணி?” என்றாள் நாத்தனார்.

“பிரேக் போட்டிருக்கேன். அந்தக் கல்லால நான் பட்டது போதும். வேணுங்கறவங்க வச்சுக்கட்டும்” என்று வீட்டுக்குள் கேட்கும்படி சொல்லிவிட்டு, அவளைக் கைத்தாங்கலாக உள்ளே கூட்டிப் போனாள்.

மறுநாள் காலை மாஸ்டர் டீ குடிக்கும்போது மனித குலத்தைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. டம்ளரை வைத்துவிட்டு வாசலுக்குப் போனார். சமையலறை ஜன்னலிலிருந்து அவள் பார்த்தாள். தெருவின் மேலே பார்த்தார், கீழே பார்த்தார். மாணவர்கள் இன்னும் வரவில்லை. காருக்குள் தலையை நீட்டி ஹேண்ட்பிரேக்கைத் தொட்டுப் பார்த்தார். பிறகு கேட்டோரம் போய், குனிந்து, கருங்கல்லை இரண்டு கையாலும் தூக்கி வந்து பின்சக்கரத்தடியில் வைத்தார். எழுந்து நின்று பார்த்தார். திருப்தியாக இல்லை போலிருக்கிறது. மறுபடி குனிந்து, அவள் வைக்கிற மாதிரியே, கல்லைச் சக்கரத்தோடு ஒட்ட அணைத்துத் தள்ளினார்.