தலைகீழாக நின்ற தூண்

நாகுமோ கொடுத்த டீயை ஓரின் தொடக்கூட இல்லை. "என் வீட்டுக்காரர ஹொக்காய்டோ சிறைக்கு அனுப்பப் போறாங்க, ஐயா. அவரு உடம்பு ஒரு குளிர்காலம்கூடத் தாங்காது," என்றாள்.

அவள் கணவர் கன்பெய், இளவரசரின் புது மாளிகைக்குத் தலைமைத் தச்சர். அங்கே படுக்கையறைத் தூண் ஒன்று, மரத்தின் வேர்ப்பக்கம் மேலே இருக்கும்படி தலைகீழாக நடப்பட்டிருந்தது. அப்படி நட்டால் வீடு விளங்காது என்பது டோக்கியோவில் பச்சைக் குழந்தைக்கும் தெரியும். கண்ணாடி ஜன்னலும் புகைபோக்கியும் கூடாதென்று கன்பெய் ஊரறியச் சண்டை போட்டவர். போதாதா? இளவரசர் குடும்பத்துக்குக் கேடு நினைத்தார் என்று பிடித்து உள்ளே தள்ளிவிட்டார்கள்.

போலீஸ் வேலையை விட்டுவிட்டுத் துப்பறியும் நாகுமோ, உதவியாளன் இசோபேயுடன் மாளிகைக்குப் போனார். கன்பெய்யின் மகன் யசுகேதான் இப்போது மேற்பார்வை. மேல்நாட்டு என்ஜினீயரிடம் தொழில் கற்றவன். இறக்கிப் போட்டிருந்த தூணைக் காட்டிவிட்டு ஒதுங்கிக்கொண்டான்.

"தலைகீழா நடுறதுக்காக முனைய மறுபடி அறுத்திருக்காங்க," என்றார் நாகுமோ. "அறுக்க அளவு போட்ட மைக்கோடு இந்தப் பக்கம் இருக்கு. நார் பிய்ஞ்சிருக்கறது அந்தப் பக்கம்."

"அதனால என்னங்க?"

"கோடு தெரியற பக்கம் நின்னுதான்டா அறுப்பாங்க. நம்ம நாட்டு ரம்பம் இழுக்கறப்போ அறுக்கும். நார் நம்ம பக்கம் பிய்யும். இது தள்ளி அறுக்கற ரம்பம்."

"வெள்ளைக்காரன் ரம்பம்," இசோபே துள்ளினான். "கன்பெய் அதத் தொடவே மாட்டாராமே."

மறுநாள் நாகுமோ, ஓரின் உட்பட எல்லோரையும் அங்கேயே கூட்டினார். கன்பெய்யைக் கயிறு கட்டி அழைத்து வந்தார்கள். நாகுமோ நிதானமாக விளக்கி முடித்ததும், "அந்த ரம்பம் இங்க யார்கிட்ட இருக்கு?" என்று கேட்டார் போலீஸ் அதிகாரி.

எல்லோரும் யசுகேயைப் பார்த்தார்கள். அவன் வாய் திறப்பதற்குள் கன்பெய் முந்திக்கொண்டார். "நான்தான். பையனோட ரம்பத்த எடுத்து அறுத்தேன்."

அத்தோடு விட்டிருக்கலாம். கெட்டிக்காரர்களுக்கு அந்த மனசு வராது. நாகுமோ கயிற்றை அவிழ்க்கச் சொல்லி, ரம்பத்தையும் ஒரு கட்டையையும் நீட்டினார். "அறுங்க, பார்க்கலாம்."

கன்பெய் கட்டையைக் காலால் அமுக்கி ரம்பத்தை வைத்தார். கை தன்பாட்டுக்கு இழுத்தது. பல் வழுக்கியது. மறுபடியும் இழுத்தார். தள்ள வேண்டுமென்று அவருக்கு உறைப்பதற்குள் எல்லோரும் பார்த்துவிட்டார்கள்.

"போதும்ப்பா," என்றான் யசுகே. "நான்தான் செஞ்சேன். நீ இருக்கற வரைக்கும் என்னைய எதையும் புதுசாக் கட்ட விடமாட்ட. வேலைய விட்டு அனுப்புவாங்கன்னு நெனச்சேன். சிறைன்னு நெனக்கல."

அதே கயிற்றால் அவன் கையைக் கட்டி இழுத்துப் போனார்கள். நாகுமோ ஓரினிடம், "இனி இவர வீட்டுக்குக் கூட்டிட்டுப் போகலாம்மா," என்றார்.

கன்பெய் கட்டையின் மேலேயே உட்கார்ந்துவிட்டார். "நான் சொன்னத நம்பியிருந்தா உங்களுக்கு என்ன குறைஞ்சிருக்கும், ஐயா?"

ஓரின் கணவர் பக்கம் திரும்பவே இல்லை. மகனைக் கொண்டுபோன வழியில் ஓடினாள்.