கம்பத்துக் கயிறு

வேம்புலி துலுக்கானத்துக்குத் தரவேண்டிய பாக்கி ரெண்டு ரூபா பதினோரணா. மகள் காதுகுத்துக்கு வாங்கினது. போன மாசம் ரேடியோக் கம்பத்திலிருந்து விழுந்து துலுக்கானம் செத்தபோது, அவன் பெண்சாதி வடிவுக்கு இந்தக் கணக்கு தெரியாதென்று கண்டு வேம்புலி வாயை மூடிக்கொண்டான்.

இன்னொன்றுக்கும் வாயை மூடிக்கொண்டான்.

கம்பத்தில் ஏறுகிறவன் இடுப்புக் கயிறு, உச்சியிலுள்ள கப்பி வழியாகக் கீழே நிற்கிறவன் கைக்கு வரும். மேலே ஏறுவது எப்போதும் துலுக்கானம்; "மாமே, புடிச்சிகினியா?" என்பான். "புடிச்சிகினேன்" என்று பதில் வந்த பிறகுதான் இரண்டு கையையும் விட்டுக் கம்பியைக் கட்டுவான். விழுந்த அன்றைக்கும் கேட்டான். வேம்புலியும் வாய்ப் பழக்கத்தில் பதில் சொன்னான். கையில் இருந்தது பீடி.

கம்பம் நட்டது பட்டாபிராம் பரந்தாமன் வீட்டில். சர்க்கார் லைசென்ஸ் வாங்கி, வீட்டிலிருந்தே ஊர் ஊராக ரேடியோவில் பேசுகிறவர். இன்றைக்குச் சாயங்காலம் ஆறு மணிக்குப் போட்டி. விடிவதற்குள் யார் அதிகம் பேரோடு பேசுகிறார்களோ அவர்களுக்குக் கோப்பை. வேம்புலியை மைக் முன்னால் நிறுத்திச் சொன்னார்:

"மைக்குல ஒண்ணுலேர்ந்து பத்து வரைக்கும் சொல்லு. அப்புறம் இந்த சுவிட்சைக் கேக்கற பக்கம் தள்ளிட்டுக் கொஞ்சம் ஆறவிடு. மறுபடியும் சொல்லு. நான் ஆவடி வரைக்கும் சைக்கிள்ல போய், குரல் எட்டுதான்னு கேட்டுட்டு வர்றேன்."

"நீங்க பதில் குடுப்பீங்களா ஐயா?"

"எங்கிட்ட இருக்கறது கேக்கற பெட்டிதான்டா, பேசாது. பெண்டாட்டிகிட்ட முனகற மாதிரி முனகாதே, உரக்கச் சொல்லு."

மூணு மணி வெயில். அரைக் கதவு திறந்த ஜன்னல் வழியாகக் கம்பத்தின் நிழல் அறைக்குள் நீண்டு கிடக்க, வால்வுகள் கங்குபோலச் சிவந்து, சுட்ட அரக்கும் பழந்தூசியும் சேர்ந்த வாடை தொண்டையில் ஒட்ட, வேம்புலி பத்து வரை சொல்லிவிட்டு சுவிட்சைத் தள்ளினான். பெட்டிக்குள் வடை வேகிற மாதிரி ஓர் இரைச்சல், வேறொன்றுமில்லை.

மறுபடி பத்து. மறுபடி சுவிட்சு. இரைச்சலுக்கு அடியில் கிறீச், கிறீச் என்று கப்பி சுற்றும் சத்தம். கப்பியில் கயிறே கிடையாது. அதைப் பிணத்தோடு வைத்துக் கொளுத்தியாயிற்று.

நிழலைப் பார்த்தான். கம்பத்தின் உச்சி மட்டும் தடித்திருந்தது.

மூன்றாந்தரம் எட்டோடு நிறுத்திவிட்டான். சுவிட்சைத் தள்ளவில்லை. தானாகவே தள்ளிக்கொண்டது.

பெட்டிக்குள் ஒரு குரல். "மாமே."

"ஐயா?"

ஐயா பேசமுடியாது. அது தெரியும்.

"மாமே, புடிச்சிகினியா?"

பத்து வருசத்துப் பழக்கம். நினைப்பதற்குள் வாய் சொல்லிவிட்டது.

"புடிச்சிகினேன்."

உள்ளங்கையில் சொரசொரப்பு. கயிறு. கண்ணுக்குத் தெரியவில்லை. கைக்குத் தெரிந்தது. விரித்தான். விரல் விரியவில்லை.

நிழலில் இரண்டு கைகள் கம்பத்தை விட்டன.

கயிறு விறைத்தது. கனம். ஓர் ஆளின் கனம்.

தோல் உரிந்தது. முழங்கை வரை ரத்தம்.

"வடிவு கையில குடுத்துடறேன்டா! ரெண்டு ரூபா பதினோரணா! இன்னைக்கே குடுத்துடறேன்!"

வாசலில் சைக்கிள் மணி அடித்தது. "வேம்புலி! ஆவடி வரைக்கும் கணீர்னு கேக்குதுடா! ஆமா, கூட யாருடா பேசறது?"

பெட்டி சிரித்தது.

"துட்டா? அது போவட்டும் மாமே, கடனைத் தள்ளிட்டேன். கயித்தை மட்டும் உட்ராதே."

கயிறு மேலே இழுக்க, வேம்புலியின் குதிகால் தரையை விட்டு எழும்பியது.