சாவித்துளையில் சந்தனம்

விஜயதசமி. காலை மணி ஏழு. மந்தாரக்குப்பத்தின் கடைசித் தெருவிலிருந்த தகரக் கொட்டகையில் எழுந்த கூச்சலைக் கேட்டு ஓடிய எதிர் டீக்கடைக்காரர், அடுப்பில் பால் வைத்திருந்ததையே மறந்துவிட்டார்.

"போச்சு! மேக்னெட்டோ போச்சு! பாவி, வயித்துல அடிச்சிட்டானே!"

கூச்சல் போட்டவர் பெரியண்ணன். அந்த ஊர் நிலக்கரிச் சுரங்கத்தில் ராட்சத வெட்டு இயந்திரங்களுக்கு மெக்கானிக்காக இருந்து ஓய்வு பெற்றவர். ஓய்வுப் பணம் கைக்கு வந்தால் நாலு பேர் மனை வாங்குவார்கள், மகளுக்கு நகை செய்வார்கள். இந்த மனுஷனோ மூடிப்போன ஒரு பறக்கும் கிளப்பின் ஏலத்தில், இறக்கைத் துணி கிழிந்து பெருச்சாளி குடியிருந்த பழைய 'புஷ்பக்' ரகச் சின்ன விமானத்தை எடுத்து லாரியில் ஏற்றிக்கொண்டு வந்தார். "ஒரு கறவை மாடு வாங்கியிருந்தா காப்பிக்காவது பால் கெடச்சிருக்கும்" என்று மனைவி ருக்குமணி அன்று ஆரம்பித்ததை இன்றுவரை நிறுத்தவில்லை.

பாகம் தேடி அலைந்தது தனிப் புராணம். டயர் ஓர் ஊரின் காயலான் கடையில் கிடைத்தது, இறக்கைத் துணி இன்னோர் ஊரில். வழி சொன்னதெல்லாம் பெங்களூரில் இருக்கும் சிவப்பிரகாசம் என்ற ஓய்வுபெற்ற விமான இன்ஜினீயர். இருவரும் நேரில் பார்த்ததே இல்லை. இவர் வீடியோ எடுத்து அனுப்புவார், அவர் போனிலேயே நாடி பிடித்து வைத்தியம் சொல்வார். மேக்னெட்டோ மட்டும் லேசில் அகப்படவில்லை. என்ஜினுக்குத் தீப்பொறி கொடுக்கும் கருவி அது, அது இல்லாவிட்டால் விமானம் வெறும் கொலு பொம்மை. முறைப்படி இரண்டு வேண்டும். ஒன்றுதான் கிடைத்தது. அதுவும் எங்கே? ஏதோ ஒரு பாலிடெக்னிக்கில் பரீட்சைத் தாள் பறக்காமலிருக்க மேஜைமேல் வைத்திருந்தார்கள்! "ஒண்ண வெச்சே தரையில ஓட்டிப் பார்த்துடலாம்" என்று சிவப்பிரகாசம் தைரியம் சொன்னார். விஜயதசமிக்கு நாள் குறித்து, பெட்ரோலும் ஊற்றியாயிற்று.

அந்த ஒற்றை மேக்னெட்டோவைத்தான் காணோம்.

காலை 7.40. சப்-இன்ஸ்பெக்டர் இசைப்பிரியா ஜீப்பிலிருந்து இறங்கினாள். கூடவே தலைமைக் காவலர் ஆதிலட்சுமி. இசைப்பிரியா சுரங்க டவுன்ஷிப் குவார்ட்டர்ஸில் பிறந்து வளர்ந்தவள். அப்பா சுரங்க எலக்ட்ரீஷியன். ஒரு தடவை மெஷினுக்கு மின்சாரம் கொடுக்கும் பீஸ் கட்டையைச் சட்டைப் பாக்கெட்டில் போட்டபடியே வீட்டுக்கு வந்து படுத்துவிட்டார். அதைத் தேடி ஜீப் வந்து அவரை லுங்கியோடு ஏற்றிக்கொண்டு போன கதையை, உறவுக்காரர்கள் கூடினால் அம்மா இன்றைக்கும் சொல்லிச் சிரிப்பாள்.

"யார் மேல சார் சந்தேகம்?"

பெரியண்ணன் மனுவை நீட்டினார். முகத்தை மட்டும் வேறு பக்கம் வைத்துக்கொண்டார்.

"சொல்ல நாக்கு கூசுதுங்க. ஆனா பூட்டு ஒண்ணு, சாவி ஒண்ணு. சாவி சடையப்பன் இடுப்புலதான் இருக்குது. ராத்திரி வாசல்ல கட்டில் போட்டுப் படுத்துக்கினு இருந்ததும் அவன்தான்."

சடையப்பன் சுவரோரம் ஒடுங்கி நின்றிருந்தான். பகலில் சுரங்கத்தில் காண்ட்ராக்ட் வேலை, இரவில் இந்தக் கொட்டகைக் காவல். மீசை நரைக்கும்வரை காத்திருந்து, இப்போதுதான் பெர்மனென்ட் ஆகப் போகிறான். போலீஸ் சரிபார்ப்பு ஒன்றுதான் பாக்கி. அவன் மேல் திருட்டு வழக்கு என்று ஒரு வரி பதிவானால் அத்தோடு எல்லாம் முடிந்தது. இது அங்கே நின்ற எல்லாருக்கும் தெரியும், பெரியண்ணன் உட்பட.

"நான் எடுக்கலீங்கம்மா" என்றான். "அந்த இரும்ப எடுத்துக்கினு போயி நான் இன்னா பண்ணப் போறேன்? கேஸு கீஸு போட்டுடாதீங்கம்மா, எம் பொழப்பே போயிடும்."

"காலையில யார் திறந்தது?"

"நான்தாங்க. சாவியே எறங்கல. நேத்து பூஜையில அண்ணி பூட்டு மேல சந்தனத்த அப்பி வெச்சிருந்தாங்க. காஞ்சி கல்லாட்டம் கெடந்துச்சு. ஊக்கால நோண்டி எடுத்துத்தான் தொறந்தேன். அண்ணன் பக்கத்துல நின்னுக்கினு சீக்கிரம் சீக்கிரம்னு கத்திக்கினு இருந்தாரு."

இசைப்பிரியா பூட்டை வாங்கிப் பார்த்தாள். சாவித்துளையின் ஓரத்தில் மஞ்சளாக இன்னும் ஒட்டியிருந்தது.

"ஆயுத பூஜைன்னா எல்லா ஆயுதத்துக்கும்தானே வெக்கணும்?" என்று ருக்குமணி முன்னால் வந்தாள். "ஸ்பேனரு, சுத்தி, பூட்டு, சாவி, ஒண்ணும் விடலீங்க. மறுபூஜைக்கு முன்னாடி கைய வெக்காதீங்கன்னு தலப்பாடா அடிச்சிக்கினேன். கேட்டாரா? என்ஜின் மூடியத் தொறந்தாரு. சாமி குத்தம், வேற இன்னா?"

"பூஜை எத்தனை மணிக்கு?"

"சாயங்காலம். முடிஞ்சதும் எல்லாரும் ஒண்ணா வெளிய வந்தோம். பூட்ட அழுத்தினது நான்தான்" என்றார் பெரியண்ணன்.

உள்ளே போனார்கள். விமானம் கல்யாணப் பெண்போல நின்றது. இறக்கையில் சந்தனப் பொட்டு, சக்கரத்தடியில் எலுமிச்சம்பழம், மூக்கிலிருந்த மர விசிறியின் நடுவில் தடித்த சாமந்தி மாலை. ஆதிலட்சுமி மாலைப் பக்கம் கையைக் கொண்டு போனாள்.

"ஐயோ, தொடாதீங்கம்மா! மறுபூஜை ஆகல" என்று ருக்குமணி அலறினாள். ஆதிலட்சுமியும் ஆயுத பூஜை கும்பிடுகிறவள்தானே, சட்டென்று கையை இழுத்துக்கொண்டாள்.

இசைப்பிரியா பக்கவாட்டு மூடி வழியாக என்ஜினை எட்டிப் பார்த்தாள். மேக்னெட்டோ இருந்த இடம் வாய் பிளந்து கிடந்தது. ஆனால் கழற்றிய நட்டுகள் தொலையாமல் அதனதன் போல்ட்டிலேயே திருகியிருந்தன. ஒயர் முனை ஒவ்வொன்றிலும் கறுப்பு டேப் சுற்றியிருந்தது.

"மேடம், திருடன் ரொம்ப நல்லவன் போலிருக்கே" என்றாள் ஆதிலட்சுமி.

"இந்த ஒயரிங் யார் செஞ்சது?"

"விஜயராஜுங்க. நம்ம சுரங்கத்து எலக்ட்ரீஷியன், தங்கமான பையன். இன்னும் சுவிட்ச் ஒயர் ஒண்ணு மட்டும் பாக்கி. நேத்து மத்தியானம் வந்து போடறேன்னான். நான் பூ வாங்க பண்ருட்டி போயிருந்தேன். அதுக்குள்ள அவன செகண்ட் ஷிப்ட்டுக்குக் கூப்பிட்டுட்டாங்களாம், பாவம், பூஜைக்கே வரல. இப்ப காலை ஷிப்ட்ல இருக்கான். போனைக் கேட்லயே வாங்கி வெச்சிடுவாங்க. ரெண்டு மணிக்கு மேலதான் புடிக்க முடியும்" என்றார் பெரியண்ணன்.

"மத்தியானம் கொட்டகையில யார் இருந்தது?"

"கூட்டிப் பெருக்கிட்டு நான் குளிக்கப் பூட்டேங்க" என்றான் சடையப்பன். "விஜயராசு வந்தா பூட்ட அழுத்திட்டுப் போன்னு டீக்கடையில சொல்லியிருந்தேன்."

"பாத்தீங்களா, பூட்டாம போயிருக்கான்!" என்று பெரியண்ணன் பாய்ந்தார். சடையப்பன் தலையைக் குனிந்துகொண்டான். இசைப்பிரியாவுக்குச் சுருக்கென்றது. அவள் அப்பாவும் பெர்மனென்ட் ஆவதற்கு முன்னால் இப்படித்தான் தலை குனிந்து நின்றிருப்பார்.

"பூஜையை யாராவது வீடியோ எடுத்தீங்களா?"

எடுக்காமல் இருப்பார்களா? பெரியண்ணனின் மகள் மணிமொழி, சென்னையிலிருந்து விடுமுறைக்கு வந்தவள், போனை நீட்டினாள். தீபாராதனை. அப்புறம் பட்டுப் புடவையில் மணிமொழியே விசிறியைப் பிடித்து, சிரித்துக்கொண்டே ஒரு சுற்று, இன்னொரு சுற்று. ரீல்ஸாம். விசிறி சத்தமில்லாமல் வழுக்கிச் சுற்றியது.

"சார், பெங்களூருக்கு நீங்க அனுப்பின வீடியோ இருக்கா? மேக்னெட்டோ மாட்டின பிறகு எடுத்தது?"

இருந்தது, பெட்ரோல் ஊற்றுவதற்கு முன்னால் எடுத்தது. பெரியண்ணனே விசிறியை மெதுவாக இழுக்கிறார். பாதிச் சுற்றில், என்ஜினுக்குள்ளிருந்து தெளிவாக ஒரு சத்தம். டக்! மறுபடி இழுத்தார். மறுபடி டக்!

இசைப்பிரியா இரண்டையும் மாற்றி மாற்றி ஓடவிட்டாள். பிறகு சிவப்பிரகாசத்துக்குப் போன் போட்டாள்.

"சார், அந்த டக் சத்தம் எதனால வருது?"

"மேக்னெட்டோவுக்குள்ள ஒரு ஸ்பிரிங் இருக்கும்மா. கையால சுத்தினா அது இழுத்துத் தட்டும். தட்டினா பொறி விழும். மேக்னெட்டோ இல்லன்னா சத்தமும் இல்ல."

"சுவிட்ச் ஒயர் போடாம இருந்தா?"

"அப்போ அதை அணைக்கவே முடியாது, எப்பவும் உயிரோடதான் இருக்கும். பெட்ரோல் இருக்கிற நேரத்துல யாராவது விளையாட்டா விசிறியைச் சுத்தினாங்கன்னா, என்ஜின் பத்திக்கும். கை, கழுத்து எதுன்னு பார்க்காது. ஏம்மா, யாராவது சுத்தினாங்களா?"

"நேத்து சாயங்காலம் ஒரு பொண்ணு சுத்தியிருக்காங்க."

"அந்தப் பொண்ணு எப்படி இருக்கு?" என்றார் கிழவர்.

"நல்லா இருக்காங்க சார். பக்கத்துலதான் நிக்கிறாங்க."

"கடவுளே" என்றார் அவர். ஸ்பீக்கரில் கேட்டுக்கொண்டிருந்த மணிமொழி அப்படியே ஒரு டூல் பெட்டிமேல் உட்கார்ந்துவிட்டாள். ருக்குமணி மகளின் கையைப் பிடித்தவள் விடவே இல்லை.

இசைப்பிரியா போனை வைத்துவிட்டு எல்லாரையும் ஒரு சுற்று பார்த்தாள்.

"சடையப்பன் எடுக்கலை. ராத்திரி பூட்டுல சாவி நுழைஞ்சிருந்தா, சாவித்துளையில சந்தனம் காஞ்சு கிடந்திருக்காது. அதை நோண்டினப்போ சார், நீங்களே பக்கத்துல நின்னீங்க. ஆக, ராத்திரி கதவு திறக்கவே இல்லை. பூஜை நேரத்துலயும் திருடு போகலை. மணிமொழி சுத்தினப்போ டக் சத்தம் வரலை. அதாவது, நீங்க தீபம் காட்டினதே மேக்னெட்டோ இல்லாத என்ஜினுக்குத்தான்."

"அப்போ யார்தாங்க எடுத்தது?"

"விஜயராஜ்."

"அவனா? சேச்சே, அவன் ஒரு நட்டக்கூட..." என்று இழுத்தார் பெரியண்ணன்.

"திருடலை சார், எடுத்தாரு. நட்டைத் திரும்பத் திருகி, ஒயர் முனைக்கெல்லாம் டேப் சுத்தி வெச்சது எலக்ட்ரீஷியன் கைதான். ஒயரைக் கையில பிடிச்சுக்கிட்டு வேலை செய்யணும்னா சுரங்கத்து ஆள் முதல்ல என்ன செய்வான்? நீங்க அத்தனை வருஷம் செஞ்சதுதான், மறந்துட்டீங்க. பீஸைப் பிடுங்கித் தன் பாக்கெட்டுல போட்டுக்குவான். அவனைத் தாண்டி யாரும் மெஷினை ஓட்ட முடியாது. எங்கப்பா பாக்கெட்டுக்காகக் குவார்ட்டர்ஸுக்கே ஜீப் வந்திருக்கு. இந்த விமானத்துல பிடுங்க பீஸ் இல்லை. பொறி போடறது மேக்னெட்டோதான், அதைப் பிடுங்கிட்டாரு. வேலை பாதியில இருக்கும்போது ஷிப்ட்டுக்குக் கூப்பிட்டதும் அதைப் பையில போட்டுக்கிட்டுக் கிளம்பிட்டாரு."

"ஒரு வார்த்த சொல்லிட்டுப் போயிருக்கலாமே!"

"சொல்லிட்டுத்தான் போயிருப்பாரு. பீஸைப் பிடுங்கினா கூடவே என்ன செய்யணும் சார்?"

"அட்டை மாட்டணும்" என்றார் பெரியண்ணன் மெதுவாக.

"ருக்குமணி அம்மா, மறுபூஜையை இப்பவே பண்ணிடலாமா?"

ருக்குமணி அவசர அவசரமாகக் கற்பூரம் ஏற்றினாள். கும்பிட்டுவிட்டுத் தன் கையாலேயே மாலையைத் தூக்கினாள். விசிறியின் நடுவில் கம்பியால் கட்டிய சிவப்பு அட்டை தொங்கியது. ஆள் வேலை செய்கிறார், இயக்காதே. கீழே விஜயராஜ் என்று கையெழுத்து.

"இதுவா? நேத்தே பாத்தனே" என்றாள் ருக்குமணி அப்பாவியாக. "கண்ணாடி போடாம எழுத்து தெரியல, மெஷினு பேரு எழுதியிருக்குன்னு நெனச்சேன். நல்லா இல்லியேன்னுதான் மாலைய அது மேல போட்டேன்."

யாரோ களுக்கென்று சிரித்தார்கள். அப்புறம் கொட்டகையே சிரித்தது. பெரியண்ணனும் சடையப்பனும் மட்டும் சிரிக்கவில்லை.

பிற்பகல் 2.30. விஜயராஜ் ஷிப்ட் முடிந்து கரித்தூள் அப்பிய முகத்தோடு வந்தான். சாப்பாட்டுப் பையிலிருந்து, துண்டில் சுற்றிய மேக்னெட்டோ வெளியே வந்தது.

"என்னண்ணே இது, போலீஸ் ஜீப்பெல்லாம் நிக்குது? பீஸைப் பிடுங்கினவன் பையிலதானே பீஸ் இருக்கணும்? அட்டைதான் தொங்குதே!"

அவனைத் திட்டுவதா, கட்டிக்கொள்வதா என்று பெரியண்ணனுக்குத் தெரியவில்லை. மகளைப் பார்த்தார். கட்டிக்கொண்டார்.

சடையப்பன் இடுப்பிலிருந்து சாவியை அவிழ்த்து டூல் பெட்டிமேல் வைத்தான். "இத்த நீங்களே வெச்சிக்கிங்கண்ணே" என்றான். சத்தமே போடவில்லை. அதுதான் பெரியண்ணனை அதிகமாகச் சுட்டது.

"நாக்குல நரம்பில்லாம பேசிட்டேன் சடையப்பா. மனசுல வெச்சிக்காத."

சடையப்பன் வாசலுக்குப் போய்த் தன் போர்வையை உதறி மடித்தான்.

மாலை ஐந்துக்கு விமானத்தை வெளியே தள்ளினார்கள். சக்கரத்துக்குக் கட்டை, வாலுக்கு வேப்பமரத்தோடு கயிறு. சுவிட்ச் ஒயர் போட்டாயிற்று. வீடியோ காலில் சிவப்பிரகாசம். "உள்ளே ஒருத்தர் உட்கார்ந்து பிரேக்கை மிதிக்கணும். நான் சொன்னா சுவிட்சைப் போடணும், சொன்னா அணைக்கணும். நம்பிக்கையான ஆளா வெச்சுக்கோங்க" என்றார்.

"சடையப்பா, ஏறு" என்றார் பெரியண்ணன்.

"நானா?"

"நீதான். கைய வெச்சு விசிறியச் சுத்தப்போறவன் நான். சுவிட்சு உங்கையில."

சடையப்பன் செருப்பைக் கழற்றிவிட்டு ஏறினான்.

பெரியண்ணன் விசிறியை இழுத்தார். டக்! அந்தச் சத்தம் கேட்டதும் கூட்டம் மொத்தமும் பெருமூச்சு விட்டது. சிவப்பிரகாசம் சொன்னதும் சடையப்பன் சுவிட்சைப் போட்டான். மூன்றாவது இழுப்பில் என்ஜின் இருமி, புகை கக்கி, பிறகு கடகடவென்று பிடித்துக்கொண்டது. ருக்குமணி காதைப் பொத்திக்கொண்டு அழுதாள். மாடு வாங்காததைப் பற்றி முதன்முறையாக ஒன்றும் சொல்லவில்லை. இசைப்பிரியா இன்னும் பதிவு செய்யாத மனுவை எடுத்து, பெரியண்ணன் தலையாட்டியதும் நாலாகக் கிழித்தாள். விசிறிக் காற்று அதை முந்திரித் தோப்புவரை கொண்டு போனது.

என்ஜின் நின்றதும் சடையப்பன் இறங்கி வந்தான். தலைமுடி குத்திட்டு நின்றது. டூல் பெட்டிப் பக்கம் போய்ச் சாவியை எடுத்து இடுப்பில் கட்டிக்கொண்டான்.

"இன்னொரு மேக்னெட்டோ வரணும்னு சொன்னீங்களேண்ணே" என்றான். "அது வந்தா யாரு பாத்துக்கிறது?"