பக்குவியின் மறதி

கஸ்பார் வீட்டுப் பக்குவி அடுப்பு மறுபடியும் பாதியில் அணைந்தது. கண்ணாடிக் கதவுக்குள் மக்ரூன்கள் வேகாமல் பிசுபிசுத்துக் கிடந்தன.

"ஒரு வேலை ஒழுங்கா செய்யத் தெரியுதா, சனியனே!" என்று கத்தினார்.

நாளைக்கு அவர் மனைவி ஜெசிந்தாவின் முதலாண்டு நினைவு ஜெபம். வருகிறவர்களுக்கு அவள் கைப்பக்குவத்து மக்ரூனைத்தான் கொடுப்பேன் என்று மகளிடம் வீறாப்பாகச் சொல்லியிருந்தார்.

செத்துப்போனவள் பக்குவத்தில் பலகாரமா என்று தூத்துக்குடியில் இப்போது யாரும் கேட்பதில்லை. பக்குவி வந்த பிறகு எல்லா வீட்டிலும் அப்படித்தான். சமைப்பவர் எப்போது சூட்டை ஏற்றுகிறார், எப்போது தணிக்கிறார் என்று தொடுபலகையில் விரல் படும்போதெல்லாம் அந்த அடுப்பு கற்றுக்கொள்ளும். ஆள் போனாலும் பக்குவம் போகாது.

பழுது பார்க்க வந்த நிலோஃபர் மின்சாரத்தைத் துண்டித்துவிட்டுப் பின்பக்கத் தகட்டைக் கழற்றினாள். கம்பி எதுவும் கருகவில்லை. கதவு சுவிட்ச் சரியாக இருந்தது. வெப்ப உணரியை மாற்றிப் பார்த்தாள். தொடுபலகையையே புதிதாகப் பொருத்தினாள். ஓடவிட்டால், பக்குவி பாதியில் அணைந்து, கொஞ்ச நேரம் சும்மா இருந்துவிட்டு, முதலிலிருந்து தொடங்கியது.

"அண்ணாச்சி, மிஷின்ல ஒரு பழுதும் இல்ல. அக்காதான் பாதியில அணைச்சிட்டு, மறந்துபோயி, திரும்ப முதல்லேருந்து போட்டிருக்காவ. கடைசியாப் பட்ட கையைத்தான் இது நம்பும். அவியளுக்கு மறதி இருந்துதோ?"

"இல்லியே" என்றார் கஸ்பார். சொன்ன பிறகுதான் அவருக்கு உறைத்தது. கடைசி வருஷம் முழுக்க மக்ரூன் பச்சையாகவோ கருகியோதான் வந்தது. தட்டைத் தள்ளிவிட்டு, இன்று அடுப்பைத் திட்டியது போலவே அவளையும் திட்டியிருக்கிறார். அவள் சிரித்துச் சமாளித்தாள். திடீரென்று மாரடைப்பில் போய்விட்டதால் எந்த டாக்டரும் அந்த மறதியைக் கண்டுபிடிக்கவில்லை. கூடவே இருந்த மனுஷனுக்கும் தெரியவில்லை. இதில் நாக்கு நுனியில் ருசியை எடை போடுகிறவர் என்று ஊரில் பேர் வேறு!

"அந்தக் கடைசி வருஷத்தை மட்டும் அழிச்சிட்டா பழைய பக்குவம் வந்துரும்" என்றாள் நிலோஃபர்.

"வேண்டாம்மா. அதுவும் அவதான். அணையும்போது நான் பக்கத்துல நின்னு போட்டு விடுதேன்."

"நீங்க தொடத் தொட உங்க கையைப் படிச்சிரும் அண்ணாச்சி. அக்கா கை அழிஞ்சிரும்."

அவர் தலையை ஆட்டினார். புரிந்து ஆட்டியதாகத் தெரியவில்லை.

நிலோஃபர் கிளம்பியதும் புதுத் தட்டை உள்ளே வைத்தார். பாதியில் அணைந்தது. "பரவால்ல ஜெசி, இருக்கட்டும்" என்று சொல்லி, விட்ட இடத்திலிருந்து தொடரும்படி மெல்லத் தொட்டார். அடுத்த தட்டிலும் அணைந்தது. தொட்டார். அவள் இருந்தபோது ஒரு நாளும் அடுப்படியில் இப்படி நின்றதில்லை. நின்றிருக்கலாம். கண்ணீர் வழிய, அன்று சொல்லாததையெல்லாம் அடுப்பிடம் சொல்லிக்கொண்டிருந்தார்.

அதற்கடுத்த தட்டில் அடுப்பின் விளக்கு லேசாக மங்கி, தானாகவே சுதாரித்துக்கொண்டது. கடைசித் தட்டு ஒரு தடங்கலும் இல்லாமல் வெந்தது. மக்ரூன்கள் வெள்ளை வெளேரென்று, தொட்டால் நொறுங்கும் பதத்தில் இருந்தன. யாரும் ஒரு குறை சொல்ல முடியாது.

கஸ்பார் காலித் தட்டை உள்ளே வைத்து மறுபடி ஓடவிட்டார். ஒரே ஒரு தடவை மறந்துவிடேன் என்று கதவருகே குனிந்து கெஞ்சினார்.

அது மறக்கவில்லை.