கூட்டம் கலையாத கேசட்

கைதட்டல் ஓய்ந்த பிறகும் ஒரே ஒருவர் மட்டும் தட்டிக்கொண்டிருந்தார்.

சம்பூர்ணம் ஹெட்போனைக் காதோடு அழுத்திக்கொண்டாள். இந்த லண்டன் கேசட்டில் சீமைக் கூட்டத்தின் கைதட்டல் தகரக் கூரையில் மழை விழுகிற மாதிரி சடசடவென்று இருக்கும். இது அப்படியில்லை. உள்ளங்கையைக் குழித்து, பஜனையில் தாளம் போடுவதுபோல நிதானமாகத் தட்டுகிற தட்டு. அதையடுத்து ஒரு இருமல். இருமி முடித்ததும் ஒரு செருமல். கல்யாணமான நாளிலிருந்து அந்தச் செருமலைக் கேட்டுத்தான் அவளுக்குப் பொழுது விடிகிறது.

செருமலுக்குச் சொந்தக்காரரான அவள் புருஷன் அழகேசன் மாடியில் படுத்திருந்தார். சில நாட்களாக அவர் தொண்டையிலிருந்து ஒரு சத்தமும் வரவில்லை.

பெரம்பலூரில் துறையூர் ரோட்டில் அவர்களுடைய ரெக்கார்டிங் கடை. கீழே கடை, வெளிப்படிக்கட்டு ஏறினால் வீடு. வெளிச்சத்தம் நுழையக் கூடாதென்று சுவரெல்லாம் சாக்கு அடித்து, அதன்மேல் முட்டை அட்டை ஒட்டியிருந்தார் அழகேசன். ஜன்னல் கிடையாது. தெருக்கதவு ஒன்றுதான் வழி. மழைக்காலத்தில் அந்தச் சாக்கு ஈரம் குடித்து, நனைந்த நாய் படுத்திருப்பதைப் போல ஒரு வாடை அடிக்கும்.

கேசட்டைக் கொண்டுவந்தவர் பாலசுந்தரம். அரியலூர்ப் பக்கம் ஒரு சிமெண்ட் ஆலையில் இன்ஜினியர். பயிற்சிக்கு லண்டன் போனவர், திரும்பும்போது வாங்கிவந்தாராம். கூட்டாளிக்கு ஒரு காப்பி வேண்டுமென்றார்.

"மேடையில வாசிச்சதை அப்படியே பிடிச்சது, அழகேசன். புதுப் பசங்க. ஒரு பாட்டையே கால் மணி நேரம் வாசிக்கிற பாணி முன்ன ஒண்ணு இருந்துச்சு. எல்லாரும் அதை விட்டாச்சு. இவங்க மறுபடி கையில எடுத்திருக்காங்க."

"கால் மணி நேரமா? அதுக்குள்ள நான் நாலு ரோட்டுக்குப் போயி டீ குடிச்சிட்டு வந்துடுவேனே சார்."

கேலி பேசினவர்தான், ராத்திரிச் சாப்பாட்டையும் மறந்து கேட்டுக்கொண்டிருந்தார். "நம்ம நாயனக்காரரு ராகம் இழுக்கிறாப்ல இழுக்குறானுவ, சம்பூர்ணம். எங்கயோ போயி எங்கயோ வந்து சேர்றானுவ. சட்டுனு முடிக்க மனசு வரல பாரு அவனுவளுக்கு."

கடையிலிருந்து போகிற எந்தக் கேசட்டானாலும் கடைசியில் அழகேசன் குரல் இருக்கும். 'வணக்கம். இது துறையூர் ரோடு அழகேசன் ரெக்கார்டிங்.' செட்டிகுளத்தில் காதுகுத்து என்றாலும் ஆண்டிமடத்தில் கல்யாணம் என்றாலும் பாட்டு முடிந்ததும் ஸ்பீக்கரில் அவர் வணக்கம் சொல்லுவார். அதில் அவருக்கு ஒரு பெருமை. மேலே ஓட்டை உள்ள கேசட்டில் எதையும் பதிய முடியாது. அழகேசனோ எந்தக் கேசட் வந்தாலும் முதல் வேலையாக அந்த ஓட்டையில் பிளாஸ்திரி ஒட்டிவிடுவார். சீமைக் கேசட்டுக்கும் ஒட்டினார். அப்புறம் எது காப்பி, எது அசல் என்று கவனிக்காமல், அசலிலேயே தன் வணக்கத்தைப் பதிந்துவிட்டு, பதிவை நிறுத்தாமல் டேப்பை ஓடவிட்டபடி வாசலுக்குப் பேசப் போய்விட்டார்.

வாங்க வந்த பாலசுந்தரம் கேட்டுப் பார்த்துத் தலையில் அடித்துக்கொண்டார்.

"என்னய்யா இது? கடைசியில கூட்டம் வெளிய போற சத்தம் இருக்குமே. கதவைத் திறப்பாங்க, தெருவுல கார் போகும், மழை பெய்யும். எல்லாத்தையும் அழிச்சுட்டியே."

"கச்சேரி முழுசா இருக்குல்ல சார். போற சத்தம் எதுக்கு?"

"அப்ப அவங்கள்லாம் எப்படிய்யா வீட்டுக்குப் போவாங்க?"

சம்பூர்ணமும் சேர்ந்து மூன்று பேரும் சிரித்தார்கள். கேசட்டைச் சரிபண்ண முடியுமா பார் என்று அவர் அதை விட்டுவிட்டுப் போனார். மறுநாள் காலையில் அழகேசன் வாயைத் திறந்தார். குரல் வரவில்லை.

தொண்டை நன்றாகத்தான் இருக்கிறது என்றார் டாக்டர். அடுத்த நாள் இருமலுக்கும் சத்தம் போயிற்று. பிறகு நடைக்கும் போயிற்று. இன்று மத்தியானம் அவர் கையிலிருந்த டம்ளர் நழுவிச் சிமெண்ட்டுத் தரையில் விழுந்து உருண்டது. ஓசையே இல்லை. சாயங்காலம் அவர் மூக்கடியில் விரல் வைத்துப் பார்த்தாள். மூச்சு, நூல் மாதிரி. விட்டுவிட்டு வந்தது.

இப்போது டேப் ஓடிக்கொண்டிருந்தது. 'வணக்கம். இது துறையூர் ரோடு அழகேசன் ரெக்கார்டிங்.' அதற்கப்புறம் வெற்று டேப். வெறும் இரைச்சல்தான் இருக்க வேண்டும். ஆனால் அங்கே ஒரு பெரிய மண்டபம் மூச்சுவிட்டுக்கொண்டிருந்தது. செருப்புகள் தேய்ந்தன. நாற்காலிகள் இடிபட்டன. ஒரு பெண் இங்கிலீஷில் எதையோ திரும்பத் திரும்பக் கேட்டு விசும்பினாள். யாரோ மரத்தில் முஷ்டியால் குத்தினார்கள். அந்த நெரிசலின் நடுவிலிருந்து அழகேசன் குரல்.

"யாராச்சும் கதவைத் தொறந்து வுடுங்களேன். மூச்சு முட்டுது."

சம்பூர்ணம் டேப்பை நிறுத்தி ஹெட்போனைக் கழற்றினாள். வேலை தெரிந்த கை. கதவுச் சத்தத்தைத்தானே அழித்தார்? கதவுச் சத்தத்தைப் பதிந்துவிட்டால் போயிற்று. ஒன்றை மட்டும் மனசுக்குள் சொல்லிக்கொண்டாள். வாயைத் திறக்கக் கூடாது. அவர் குரல் கொடுத்துத்தான் மாட்டிக்கொண்டார்.

மைக்கை வாசற்படியில் வைத்தாள். முந்தானையைச் சுருட்டிப் பல்லில் கடித்துக்கொண்டாள். பதிவுக்கான சிவப்புப் பொத்தானை அழுத்திவிட்டுக் கதவின் இரண்டு பலகையையும் விரியத் திறந்தாள்.

மழை. ஒரு பஸ் ஹாரன். எதிர் டீக்கடையில் ஆற்றுகிற சத்தம்.

மேஜைக்கு ஓடிவந்து ஹெட்போனை மாட்டினாள். மெஷினின் சின்னக் கண்ணாடிக்குள் சத்தத்தின் அளவைக் காட்டும் முள் லேசாக ஆடியது. பிறகு நிமிர்ந்தது. சிவப்பில் போய் முட்டி நின்றது. காதுக்குள் நூற்றுக்கணக்கான கால்கள் ஓடின. கண் முன்னால் அறை காலி. ஆனால் சிகரெட்டும் நனைந்த கம்பளியும் கலந்த வாடை அவள்மேல் உரசிப் போனது. நாள்காட்டித் தாள்கள் படபடத்தன. சில்லென்று ஒரு தோள் இடித்தது. இன்னொன்று. இன்னொன்று. எல்லாம் வாசலைப் பார்த்துப் போயின.

கால்கள் குறைந்தன. நின்றன.

அவர் வரவில்லை.

மண்டபத்தின் மூலையில் இருமல் கேட்டது. எதிலோ முட்டிக்கொண்ட சத்தம்.

"எந்தப் பக்கம்னு தெரியலையே. சம்பூர்ணம்?"

காலடி நடந்தது. இந்தப் பக்கம் இல்லை. அந்தப் பக்கம். தள்ளி. இன்னும் தள்ளி. முந்தானையைக் கடித்த பல் வலித்தது.

"சம்பூர்ணம்?"

இப்போது கிணற்றுக்குள்ளிருந்து வருவதுபோல.

துணி வாயிலிருந்து விழுந்தது.

"ஏங்க. இங்க. இந்தப் பக்கம் வாங்க."

காலடி நின்றது. திரும்பியது. வேகமாக வந்து, பீடி வாடையோடு அவளைக் கடந்து, வாசலைத் தாண்டிப் போனது.

தலைக்கு மேலே மாடித் தளத்தில் கட்டில் கிறீச்சிட்டது. யாரோ பலமாக இருமிச் செருமினார்கள்.

சம்பூர்ணம் சிரித்தாள். சிரிப்பு ஹெட்போனில் கேட்டது. அதைக் கழற்றிவிட்டு இன்னொரு தடவை சிரித்தாள்.

கேட்கவில்லை.

கை தட்டினாள். மேஜையில் அடித்தாள். ஒன்றுமில்லை. முள் மட்டும் துள்ளியது.

படிக்கட்டில் தடதடவென்று இறங்கி அழகேசன் வாசலில் வந்து நின்றார். முகமெல்லாம் சிரிப்பு.

"குரல் வந்துட்டுடி. கேட்டியா? பசிக்குது, ஏதாச்சும் இருக்கா?"

அவள் கத்தினாள். திறந்தே வையுங்க. மூடிடாதீங்க.

"இப்புடித் தொறந்து போட்டுட்டா உக்காந்திருப்ப? மெஷின்ல சாரல் அடிக்குது பாரு."

அவர் பலகைகளை இழுத்துச் சாத்தினார். தாழ்ப்பாளைப் போட்டார். அந்தச் சத்தத்துக்கு முள் ஒரு தரம் எழுந்து விழுந்தது.

அவளுக்குப் பின்னால் சுவர் இல்லை. குளிர்ந்த காற்று வந்தது. பெரிய இடத்தின் காற்று. அதன் கோடியில் ஒரு நாற்காலி நகர்ந்தது. யாரோ அங்கே தங்கிவிட்டிருந்தார்கள்.

அவர் கையைப் பிடித்து உலுக்கினாள். கத்தினாள். முள் சிவப்பில் முட்டி முட்டித் துடித்தது.

அழகேசன் குனிந்து கண்ணாடியைப் பார்த்தார்.

"யாருமே பேசல. இது என்னத்தடி பிடிக்குது?"

பொத்தானை அழுத்தினார். முள் படுத்தது. அவள் வாய் திறந்தபடியே இருந்தது.