கார்ஸ்டன் கண்டெடுத்த பலிபீடம்

ஹெஸ்கெத்தின் சமையலறையில் வினிஃப்ரெட் பாஸ்க் தேநீரைக் கையிலேயே வைத்து ஆறவிட்டாள். லோயர் பென்ஃபோல்ட் தொல்லியல் சங்கத்தில் கல்யாணத்துக்கு முன்பிருந்தே மண் தோண்டியவள். வெள்ளிக்கிழமை அவளை நீக்கப்போகிறார்கள்.

சங்கத் தலைவர் ரெஜினால்ட் கார்ஸ்டன் தன் தோட்டத்துக் குழியின் அடியிலிருந்து ரோமானியர் காலத்துப் பலிபீடக் கல் ஒன்றை எடுத்திருந்தார். நீங்களே புதைத்து நீங்களே எடுத்தீர்கள் என்று அவள் கூட்டத்தில் சொல்லிவிட்டாள். ஆதாரம் கேட்டார்கள். இல்லை.

"மன்னிப்புக் கேட்டா விட்டுடுவாங்களாம். அது நடக்காது. ஆனா சங்கமும் போச்சுன்னா எனக்குப் பேச்சுத்துணைக்கு ஆளே கிடையாது, மிஸ்டர் ஹெஸ்கெத்."

ஹெஸ்கெத் ஓய்வுபெற்ற போலீஸ் அதிகாரி. சமையலறை ஜன்னலில் பறவை பார்ப்பது அவர் பொழுதுபோக்கு. சரி, போய்ப் பார்க்கிறேன் என்றார். அவர் மைத்துனன் டெரிக் அதற்குள் அளவுநாடாவைத் தேடிக்கொண்டிருந்தான்.

இருவரும் வீட்டுக்குப் போனபோது கார்ஸ்டன் கல்லைக் கண்ணாடி மூடிக்குள் வைத்திருந்தார், ஏதோ தானே பெற்ற பிள்ளை மாதிரி. முன்பக்கத்தைப் பல்துலக்கியால் தேய்த்துக் கழுவியிருந்தார். பின்பக்க மண்ணைத் தொடவில்லை. ஆய்வுக்காக அப்படி விடுவதுதான் முறை என்று அரைமணி நேரம் விளக்கினார். குருவி எண்ணுகிறவர்களுக்கு இது புரியாது என்றும் சேர்த்துக்கொண்டார். தலை காலியாக இருந்தால் வாய்க்கு ஓய்வு ஏது என்று ஹெஸ்கெத் நினைத்துக்கொண்டார்.

அவர் கேட்டது ஒரே கேள்வி. கல் இதற்குமுன் வெளியில் கிடந்ததுண்டா?

"ஆயிரத்தெழுநூறு வருஷமா மண்ணுக்குள்ள, சார். அதுமேல முதல்ல வெளிச்சம் பட்டதே என் கையிலதான்."

தோட்டத்தில் டெரிக் குழியை அளந்தான். ஹெஸ்கெத் அந்தப் பக்கம் போகவே இல்லை. கல் அடுக்கிச் செடி நட்ட மேட்டருகே நின்றார். அங்கே ஒரு பள்ளம், அதைச் சுற்றி உடைந்த நத்தை ஓடுகள். பூங்குருவி ஒன்று நத்தையைக் கவ்விக்கொண்டு வந்தது. பள்ளத்தில் இறங்கியது, இப்படியும் அப்படியும் பார்த்தது. பிறகு நடைபாதை ஓரத்துக்குப் போய், பிடிக்காத இடத்தில் வேலை செய்கிறவன்போல நத்தையை அடித்தது.

"மச்சான், குழி அளவு வேணுமா?"

"வேண்டாம், டெரிக். விடை கிடைச்சாச்சு."

வெள்ளிக்கிழமை ஊர்க்கூடத்தில் உறுப்பினர்கள் எல்லோரும் வந்திருந்தார்கள். ஒருத்தியை வெளியே தள்ளும் கூட்டத்துக்கு யாரும் தாமதமாக வருவதில்லை. கல் மேசைமேல் இருந்தது. ஹெஸ்கெத் அதைத் திருப்பி, பின்விளிம்பு விரிசலில் அப்பியிருந்த மண்ணைக் குச்சியால் கீறினார். மஞ்சளில் பழுப்புக் கோடு போட்ட ஓட்டுத் துணுக்குகள் உதிர்ந்தன. விளிம்பு முழுக்க வெளுத்த தேய்மானம்.

"பூங்குருவி நத்தை உடைக்க ஒரு கல்லைத் தேர்ந்தெடுத்தா, திரும்பத் திரும்ப அதுக்கே வரும். கொல்லனுக்குப் பட்டடை மாதிரி. இது அந்தக் கல்."

கார்ஸ்டன் சிரித்தார். "ரோமானியர் காலத்துல பூங்குருவியே இல்லையாக்கும்?"

நாலைந்து பேர் கூடச் சிரித்தார்கள்.

"இருந்திருக்கும். ஆனா அந்தக் காலத்து ஓடு மண்ணுக்குள்ள சாயம் போயி சுண்ணாம்பா வெளுத்திருக்கும். இதுல கோடுகூட அழியலை. உங்க மேட்டுல ஒரு பள்ளம் இருக்கு. சுத்தி ஓடு கிடக்கு, நத்தை உடைக்கிற கல்லைத்தான் காணோம். இதைத் தூக்கிட்டுப் போய் அங்க வெச்சுப் பாக்கலாமா?"

கார்ஸ்டன் எழுந்திருக்கவில்லை. வீட்டை வாங்கியபோதே அந்தக் கல் மேட்டில் இருந்தது என்றார். பழைய பலிபீடம்தான், ஆனால் எங்கிருந்து வந்தது என்று தெரியாத கல்லுக்கு யார் மதிப்புத் தருவார்கள்? குழியிலிருந்து வந்தால் அருங்காட்சியகத்தில் தன் பெயர் இருக்கும். கழுவாத மண்ணும் அவரே பூசியதுதான்.

திருடனிடம்கூட ஹெஸ்கெத்துக்குக் கொஞ்சம் மரியாதை உண்டு. இவரைத் திட்டக்கூடத் தோன்றவில்லை.

அதற்குள் கூடம் மாறிவிட்டது. தனக்கு அப்போதே சந்தேகம்தான் என்று ஆளுக்காள் சொன்னார்கள். பொருளாளர், அவளை நீக்கும் தீர்மானத்தை எழுதிய அதே மனிதர், தலைவர் நாற்காலியை வினிஃப்ரெட்டுக்காக இழுத்துப் போட்டார்.

அவள் அதைப் பார்த்தாள். பிறகு எப்போதும் உட்காரும் பின்வரிசை ஓரத்திலேயே போய் உட்கார்ந்தாள்.

"நான் உறுப்பினரா இருக்கேன், அது போதும். தேநீர் யார் போடுறீங்க?"

ஒரே நேரத்தில் ஆறு பேர் எழுந்தார்கள்.